சுவரில் நிற்கும் சாட்சியம்

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டின் மண்ணிலிருந்து ஒரு காலத்தில் வெளிப்பட்ட சில எலும்புகள் இன்று உலகில் எங்கும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியலறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து, பேருடல் என்ற பொருள்படும் வடமொழிச் சொல்லையும், இப்பகுதியில் முன்னரே தொல்லுயிர்களைத் தேடிய மட்லி என்ற ஆங்கிலேய அறிஞரின் பெயரையும் இணைத்து, பிருகத்காயோசாரஸ் மட்லேயி என்று அந்த விலங்குக்கு நாமகரணம் செய்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்று அவர்கள் பதிவு செய்ததனால், பூமியில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் பிற்காலத்தில் எழுந்தது. ஆனால் எலும்புகளோ நாளடைவில் பொடிந்து உதிர்ந்துவிட்டன. முதற் கட்டுரையோடு வெளியானவை கோட்டுச் சித்திரங்கள் மட்டுமே. ஆகவே, அது எலும்பே அன்று, கல்லாகிப்போன மரத்துண்டாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களுக்கு விடை கூறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் பிரமாணம் இல்லை. களத்தில் அன்று எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-இல் அச்சேறிய பிறகே அந்தச் சந்தேகம் பெருமளவு தணிந்தது.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானி கண்ட பொருள் மறைந்துபோகலாம். அதைப் பிறர் கண்முன் நிறுத்திய படமே எஞ்சி நின்று அவருக்காகச் சாட்சி சொல்லும். அறிவியல் மகாநாடுகளில் 'போஸ்டர்' என்று எல்லாரும் வழங்கும் சுவரொட்டியைப் பற்றி எழுதப் புகும் எனக்கு, அது எதற்காக இருக்கிறது என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை அகப்படவில்லை. ஓர் ஆய்வின் மையமான ஒரே கருத்தையும் அதற்கான சாட்சியத்தையும், நடந்து செல்லும் ஒருவர் பத்தடி தூரத்திலேயே கண்டு, நின்று, நெருங்கி, வினவும்படி நிறுத்துவதுதான் சுவரொட்டியின் காரியம். இதற்கு மேற்பட்டவை எல்லாம் அந்த ஒரு காரியத்துக்கு உதவும் அளவுக்கே அதில் இடம்பெறத் தக்கவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

சுவரொட்டி அரங்கு என்ற ஏற்பாடு மிகப் பழமையானது அன்று. ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு 1969-இல் மாட்ரிட் நகரில் கூடியபோது அந்த வழக்கம் தோன்றியதென்றும், 1974-இல் மினியாபொலிஸ் நகரத்து உயிர்வேதியியல், உயிர் இயற்பியல் கூட்டத்தின் வாயிலாக அமெரிக்காவில் அது வேரூன்றியதென்றும் அதன் சரித்திரத்தை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கட்டுரை வாசிக்க விரும்பியோரின் எண்ணிக்கை பெருகி, மேடையும் நேரமும் போதாமற் போனதே காரணம். மேடையில் இடம் கிடைக்காதவருக்குச் சுவரில் இடம் கொடுத்தார்கள் என்று அதைக் குறைவாக மதிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் மேடையில் பேசுபவருக்குக் கிட்டாத ஒரு பாக்கியம் சுவரொட்டிக்காரருக்குக் கிட்டுகிறது: கேட்பவரின் முகத்தை மூன்றடி தூரத்தில் பார்த்துக்கொண்டே, அவருக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அறிந்து, அதற்கேற்பப் பேசலாம். பத்து நிமிஷ உரைக்குப் பிறகு அவசரமாகக் கேட்கப்படும் ஒரே கேள்வியைவிட, சுவரொட்டியின் முன் நிகழும் கால்மணி நேர சம்பாஷணை ஆய்வாளருக்கு மிகுந்த பயன் தருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

என் முதற் சுவரொட்டியைப் பற்றி இங்கே கூறுவது பொருத்தம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கம்பிவேலிக்குள் கிடக்கும் கல்மரத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். பதினெட்டு மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரத்தை 1940-இல் உலகுக்கு அறிவித்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பைப் பின்னர் ஏற்ற முதல் இந்தியரும் அவரே. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அந்தத் துறையே மரத்தைப் பாதுகாத்து வருகிறது. மாணவனாக இருந்தபோது, அதைப் பற்றியும் அதைச் சூழ்ந்த பாறைகளைப் பற்றியும் அறிஞர்கள் எழுதியவற்றைத் தொகுத்து ஒரு சுவரொட்டி செய்து, ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குக் கொண்டுபோனேன். அறிமுகம், நோக்கம், ஆய்வுப் பகுதி, முந்தைய ஆய்வுகள், முறை, விளைவு, முடிவு, நன்றியுரை, மேற்கோள் பட்டியல் என்று ஒன்பது பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி நெருக்கமாக எழுத்து. நடுவே தபால் அட்டை அளவில் மரத்தின் படம் ஒன்று. தலைப்போ, 'பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ப் பகுதியில் காணப்படும் கல்மரப் படிமங்கள் குறித்த ஓர் ஆய்வு.'

இரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் தலைப்பைப் பார்ப்பார்கள். அடுத்த சுவரொட்டிக்குப் போய்விடுவார்கள். கடைசியில் வயது முதிர்ந்த பேராசிரியர் ஒருவர் வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மரத்தின் படத்தின்மேல் விரலை வைத்து, 'தம்பி, சுற்றியுள்ள பாறையெல்லாம் கடலில் படிந்தது என்று எழுதியிருக்கிறாய். கடலுக்குள் மரம் எப்படி வந்தது?' என்று கேட்டார். அதற்கான விடை என் ஏழாவது பெட்டியின் கடைசி வாக்கியமாக, எவர் கண்ணுக்கும் படாத இடத்தில் இருந்தது. கடல் அக்காலத்தில் உட்புகுந்து, சாத்தனூருக்கு மேற்கே எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வரையில் பரவியிருந்தது. கரைக்கு அப்பால் நிலத்தில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்க்க, அது சிப்பிகளோடும் நத்தைகளோடும் சேற்றில் புதைந்து கல்லாயிற்று என்பதே அந்த வாக்கியம். அதைக் கேட்டு முடித்ததும் அவர், 'இதைத்தானே மேலே எழுத வேண்டும்?' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அதையே வேறுவிதமாகச் செய்தேன். 'சாத்தனூர் மரம் நின்ற இடத்தில் கிடக்கவில்லை. ஆறு கொண்டுவந்து கடலில் சேர்த்தது' என்பது தலைப்பு. நடுவே, சுவரொட்டியின் பாதி அகலத்துக்கு ஒரே வரைபடம்: இடப்புறம் நிலம், வலப்புறம் கடல், இடையே அன்றைய கரைக்கோடு, இன்றைய சாத்தனூர் கடலுக்குள் ஒரு புள்ளி. அதன் கீழே மரத்தின் புகைப்படமும், அதே பாறையில் கிடைக்கும் கடற் சிப்பியின் புகைப்படமும் பக்கத்துக்கு ஒன்றாக. ஒன்பது பெட்டிகளில் ஆறு மறைந்தன. அன்று என்னால் தண்ணீர் குடிக்கப் போக முடியவில்லை. இத்தனைக்கும் முந்தைய ஆண்டில் இருந்த செய்தியை விடப் புதிதாக ஒரு வரிகூட அதில் இல்லை.

தலைப்பு வெறும் விலாசமாக இராமல் கண்டறிந்ததைச் சொல்லும் வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் கற்ற முதற்பாடம். எனினும் இதில் ஓர் அபாயமும் உண்டு. அதற்கும் பெரம்பலூர் மாவட்டமே உதாரணம் தருகிறது. 2020 அக்டோபரில் குன்னம் பக்கத்தில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி ஒரே நாளில் செல்பேசிகள் வழியாக நாடெங்கும் பரவிற்று. வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டமும் கொஞ்சம் அன்று. பின்னர் நிலவியலறிந்தோர் பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரின் ஓட்டைச் சுற்றிச் சேறு இறுகித் திரண்ட உருண்டைகளே என்று தெளிவுபடுத்தினார்கள். முதற் செய்தி பரவிய வேகத்தில் இந்தத் திருத்தம் பரவவில்லை. சுவரொட்டியின் தலைப்பும் அத்தகையதே. அறையில் நூறு பேர் அதைப் படிப்பார்கள். கீழே உள்ள விவரத்தைப் பத்துப் பேர் படித்தால் அதிகம். ஆகையால் சான்று தாங்கக்கூடிய பாரத்தை மட்டுமே தலைப்பில் ஏற்ற வேண்டும். 'இருக்கலாம்' என்று சொல்லத்தக்க இடத்தில் 'இருக்கிறது' என்று எழுதிவிட்டால், அடியில் எத்தனை நிபந்தனைகளைச் சிற்றெழுத்தில் போட்டாலும் அந்தப் பிழை தீராது.

படத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் சுவரொட்டியின் ஜீவன் அதில்தான் இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் ஆகிய இந்த இரு மாவட்டங்களின் பாறைகள் உலக அறிவியலில் பெற்றுள்ள ஸ்தானம், படங்களால் கிடைத்த ஸ்தானம் என்றே கூறலாம். கேய், கன்லிஃப் என்னும் இருவர் 1840-களில் திரட்டியனுப்பிய தொல்லுயிர்ப் படிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். அதன் பிறகு எச். எஃப். பிளான்ஃபோர்டு இந்தக் கரிசலையும் முட்காட்டையும் அளந்து திரிந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்து, 1860-களில் வெளியான தமது அறிக்கையில் நிலவியல் வரைபடமாகத் தந்தார். நூற்றறுபது ஆண்டுகளாகியும் அந்த மூன்று பெயர்களும் வழக்கொழியவில்லை. இந்தியாவின் வானிலையியலுக்குப் பிற்காலத்தில் அடிகோலியவரும் இதே பிளான்ஃபோர்டுதான் என்பதை நினைக்கும்போது, ஒரு மனிதரின் கண்ணுக்கு எத்தனை விசாலம் இருந்திருக்கிறது என்று வியப்பே உண்டாகிறது. அவர் சேகரித்தவற்றை ஆராய்ந்து நான்கு பெருந்தொகுதிகளாக எழுதிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா, 1874-இல் மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயரத்தில் உயிர் துறந்தார். இன்றும் காரை என்னும் ஊரில் ஓர் அம்மோனைட்டைக் கையில் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர், அதன் இனத்தை நிச்சயிக்க அந்தத் தொகுதிகளின் சித்திரங்களோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்.

அந்த அம்மோனைட் சித்திரங்களிடமிருந்து சுவரொட்டிக்காரர் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு படம்; நிழல் விழும் திசை எங்கும் ஒன்றே; வேண்டாத பின்னணி இல்லை; மடிப்பும் முகடும் எண்ணிப் பார்க்கத்தக்க தெளிவு. நம் மாணவர்கள் செய்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காரையிலிருந்து கொளக்காநத்தம் போகும் வழியில் செம்மண்ணும் சாம்பல் நிறக் களியுமாகப் பள்ளமும் மேடுமாய் அரிக்கப்பட்ட நிலம் ஒன்று விரிந்து கிடக்கிறது. நிலவியல் மரபுச் சின்னங்களுள் அதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கே சென்று எடுக்கும் புகைப்படங்களில் பாதிக்குமேல், நண்பர்கள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். மீதியில் எந்தப் பொருளுக்கும் அளவுகோல் இராது. ஒரு படிவத்தின் அருகே சுத்தியலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ வைத்து எடுக்கும் பழக்கம் இல்லாவிட்டால், பார்ப்பவர் அது கடுகா கடப்பாறையா என்று அறியமாட்டார். நாணயத்தை வைப்பதினும், சென்டிமீட்டர் குறித்த சிறு அட்டையை வைப்பது உத்தமம். அயல்நாட்டு அறிஞருக்கு நம் நாணயத்தின் அளவு எப்படித் தெரியும்?

அட்டவணைகளை நான் சுவரொட்டியில் ஏற்பதில்லை. இருபது ஊர்க் கிணற்று நீரின் பன்னிரண்டு குணங்களையும் இருநூற்று நாற்பது எண்களாக அடுக்கினால், அவற்றை நின்று படிக்க எவருக்கும் அவகாசம் இல்லை. எந்த ஊரில் எந்தக் குணம் வரம்பை மீறுகிறது என்று வரைபடத்தில் நான்கு வட்டங்களாகக் காட்டினால் போதும். வரைகோட்டுப் படத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய பெயரை அந்தக் கோட்டின் முனையிலேயே எழுதிவிட வேண்டும். மூலையில் ஒரு பெட்டி போட்டு அதில் வர்ணங்களின் அர்த்தத்தை எழுதுவது, படிப்பவரின் கண்ணை இங்கும் அங்குமாக அலைக்கழிப்பதாகும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காண இயலாத ஆண்கள் நூற்றுக்குச் சிலர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்களை நினைத்து, வர்ணத்தோடு வடிவத்தையும் மாற்றுவது மரியாதை. மருத்துவர்கள் நோயாளி ஒருவரின் வரலாற்றைச் சுவரொட்டியாக வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. 2022-இல் தொடங்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்றவற்றிலிருந்து புறப்படும் இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நோயாளியின் சம்மதம் வேண்டும்; முகமும் பெயரும் ஊரும் வேண்டா. நம்முடையவை சிறிய ஊர்கள். ஊரையும் வயதையும் நோயையும் சொன்னால் பெயரைச் சொன்னதற்குச் சமானம்.

எழுத்தின் அளவைப் பற்றிய கணக்குகள் எளியவை. மகாநாடுகளில் சாதாரணமாக வழங்கும் ஏ-ஜீரோ தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1,189 மில்லிமீட்டர் நீளமும் உடையது. பத்தடிக்கு அப்பால் நிற்பவர் படிக்க வேண்டுமானால் தலைப்பின் எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும். உள்ளே வரும் வாசகம் 24 புள்ளிக்குக் கீழே இறங்கலாகாது. இவை ஆங்கில எழுத்தை வைத்து எழுந்த விதிகள். தமிழில் எழுதுவோர் இன்னும் சில சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்துக்கு மேலே இகரக் கொக்கியும் கீழே உகரச் சுழியும் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் மேற்கொக்கியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தைப் போல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் நமக்கு இல்லாததால், முக்கியமான சொல்லை அளவாலும் தடிப்பாலுமே உயர்த்த வேண்டும். எழுத்தைச் சாய்ப்பது தமிழுக்கு அழகும் தராது, தெளிவும் தராது. மேலும், ஒட்டி ஒட்டி நீளும் சொற்கள் குறுகிய பத்தியில் அடங்காமல் வரியிறுதியில் கண்ட இடத்தில் உடைந்துபோகும். ஆகவே ஆங்கிலச் சுவரொட்டிக்கு மூன்று பத்திகள் போதுமென்றால், தமிழுக்கு இரண்டே அகலமான பத்திகள் வைப்பது நலம்.

இதற்குப் பிறகு வருவது ஃபிளெக்ஸ் கடை. அங்கேதான் பாதிச் சுவரொட்டிகள் சீரழிகின்றன என்பதால், நூல்கள் சொல்லாத இந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரிலோ அரியலூரிலோ பேருந்து நிலையத்தை அடுத்த அத்தகைய கடைக்குள் மாலையில் நுழைந்தால், காதணி விழாவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் தட்டிகள் வரிசையில் காத்திருக்கும். கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் தம்பி கைதேர்ந்தவர். ஆனால் அவர் கை பழகியது வேறு காரியத்துக்கு. நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொண்டுபோன தமிழ், அவருடைய மென்பொருளில் கட்டம் கட்டமாகச் சிதறும். அல்லது ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அவர் நல்லெண்ணத்தோடு, 'பின்னாடி வெறுமையா இருக்குதே அண்ணே' என்று நீலமும் ஊதாவும் கலந்த ஒரு வானத்தையும், தலைப்புக்குப் பொன்னிற நிழலையும் சேர்த்துவிடுவார். ஆகவே எழுத்துருவைப் படமாக மாற்றி, முழு அளவில் பிடிஎஃப் கோப்பாகக் கொண்டுசென்று, எதையும் தொடாமல் அப்படியே அடித்துத் தருமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். முழுதும் அடிப்பதற்கு முன் ஒரு முழம் அளவுக்கு மட்டும் சோதித்துப் பார்ப்பது, கணினித் திரையில் கண்ட வர்ணம் வேறு, மையில் விழும் வர்ணம் வேறு என்பதை உணர்த்தும். பளபளப்பான ஃபிளெக்ஸைவிட மங்கலான தாளோ துணியோ மேல். அரங்கத்தின் விளக்கு பளபளப்பில் பட்டு, சரியாக உங்கள் வரைபடத்தின் நடுவே ஒரு வெள்ளை வட்டத்தை நிறுத்திவிடும்.

பின்னணியை வெறுமையாக விட நம்மவர் அஞ்சுவதைக் கண்டு நான் வருந்தியதுண்டு. வெற்றிடம் வீண் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் நம் ஊர்ச் சுவர்களிலேயே இதற்கு மறுமொழி ஒட்டப்பட்டிருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பாருங்கள். மேலே அந்த இரு சொற்கள். நடுவே பெரிய முகம். கீழே பெயர், தோற்றம், மறைவு. அதற்கும் கீழே ஊரும் அடக்கம் நடைபெறும் நேரமும். ஓடும் பேருந்தின் சன்னலோரத்தில் இருப்பவர், திரும்பிப் பார்க்கும் ஒரு கணத்துக்குள், இன்னார் இறந்துவிட்டார், நாம் இறங்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார். துக்கத்தில் இருக்கும் குடும்பம் ஒரே இரவுக்குள் அச்சிட்டு ஒட்டும் அந்தத் தாள், எது முதலில் தெரிய வேண்டும், எது பிறகு தெரியலாம் என்ற வரிசையை ஒருபோதும் தவறவிடுவதில்லை. மாதக்கணக்கில் உழைத்த ஆய்வாளர் அந்த வரிசையைத் தவறவிடலாமா?

இந்த வரிசையை மிகத் தீவிரமாக வற்புறுத்தியவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி மாணவராக இருந்த மைக் மாரிசன். 2019-இல் அவர் வெளியிட்ட ஒரு காணொளி பெரும் சர்ச்சையை எழுப்பிற்று. சுவரொட்டியின் நடுப்பகுதி முழுவதையும் ஒரே வாக்கியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்; அதுவும் எளிய மொழியில், பெரிய எழுத்தில். இரு ஓரங்களிலும் ஒடுங்கிய பட்டைகளில் விவரமும் படங்களும். கட்டுரை முழுவதும் வேண்டுபவருக்குச் செல்பேசியால் படிக்கத்தக்க கியூஆர் கட்டம். இதுதான் அவர் சொன்ன அமைப்பு. பலர் அதை உடனே கைக்கொண்டார்கள். சிலர், நடுவில் வெறும் வாக்கியத்தைப் போட்டுச் சாட்சியத்தை ஓரத்துக்குத் தள்ளுவதா என்று கண்டித்தார்கள். இரு தரப்பையும் எண்ணிப் பார்த்து நான் இரண்டாமவர் பக்கம் சாய்கிறேன். வாக்கியம் ஒன்றே இருக்க வேண்டும் என்பதில் மாரிசன் சொல்வது முற்றிலும் சரி. ஆயினும் நடு இடம் படத்துக்கு உரியது. அச்சில் கோட்டுச் சித்திரங்கள் மட்டுமே நின்றதால் கல்லமேட்டு எலும்பு எத்தனை ஆண்டு ஐயத்தில் கிடந்தது என்பதை அறிந்தவர்கள், சாட்சியத்தை ஓரத்தில் வைக்கத் துணியமாட்டார்கள். கியூஆர் கட்டத்தைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதைப் பிறர் செல்பேசி ஒன்றால் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

சுவரொட்டியின் அருகே நிற்பதும் அதன் வடிவமைப்பில் ஒரு பகுதியே. நம் மாணவர்கள் நாணத்தால் சுவரொட்டிக்கு முன்னாலேயே நின்று அதை மறைத்துவிடுகிறார்கள். அல்லது எவரேனும் வந்ததும், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரையில் மூச்சுவிடாமல் சொல்லிவிடுகிறார்கள். ஓரமாக நின்று, வந்தவர் தலைப்பைப் படித்து முடிக்கும் வரையில் பொறுத்து, 'ஒரு நிமிஷத்தில் சொல்லட்டுமா, ஐயா?' என்று கேட்டால் போதும். ஒரு நிமிஷத்தில் சொல்லத் தெரியாதது ஒரு மணியிலும் தெரியாது. தெரியாத கேள்விக்குத் தெரியாதென்று சொல்லி, கேட்டவரின் பெயரையும் கேள்வியையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் மாணவரை எந்த நடுவரும் தாழ்வாக நினைத்ததை நான் கண்டதில்லை.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி நம் நாட்டில் தவிர்க்க முடியாதது. சர்வதேச மகாநாட்டில் ஆங்கிலமே வேண்டும், அதில் விவாதமில்லை. ஆனால் 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றியே சிறு சிறு ஆய்வுகள் செய்து, தாய்மொழியிலேயே எழுதி, கையால் வரைந்த தாள்களைக் காட்டி விளக்குகிறார்கள். அந்தத் தாள்களைப் பார்த்து நான் கற்றது கொஞ்சம் அன்று. கணினி இல்லாததால் அவர்களிடம் தேவைக்கு மேற்பட்ட எழுத்து இல்லை; எழுதக் கை வலிக்கும் என்பதால் வாக்கியங்கள் குறுகியவை; தங்கள் தெருவையும் கிணற்றையும் தாங்களே வரைந்ததால் படத்தில் பொய் இல்லை. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் வரிசையில் இடம்பெற்ற கரைவெட்டி ஏரியைச் சுற்றியுள்ள பள்ளிகளில், வலசை வரும் பட்டைத்தலை வாத்தை வரையாத பிள்ளை இருக்கலாகாது என்பது என் ஆசை. அதே பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றபின் ஏன் ஒன்பது பெட்டிகளுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள் என்பது ஆசிரியர்களாகிய நாம் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

மகாநாடு முடிந்ததும் சுவரொட்டிகளைச் சுருட்டி அலமாரியின் மேல் போட்டுவிடும் வழக்கத்தையும் நான் ஒப்புவதில்லை. ஆய்வு எந்த மண்ணிலிருந்து எழுந்ததோ அந்த மண்ணின் மக்களுக்கு அதைத் திருப்பிக் காட்டுவது கடன். சாத்தனூர் மரத்தைப் பற்றிய இரண்டாவது சுவரொட்டியை, ஆங்கிலச் சொற்களை எல்லாம் நீக்கித் தமிழில் மறுபடியும் அடித்து, குன்னத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாட்டினேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன முதியவர் ஒருவர், ஆடுகளை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தலைப்பைப் பையன் ஒருவன் அவருக்குப் படித்துச் சொன்னான். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த சிப்பியின் படத்தருகே குனிந்து, பக்கத்தில் அச்சிட்ட அளவுகோலின்மேல் தம் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தார். 'இந்தச் சிப்பி எங்க கொல்லையில கூடை கூடையாக் கிடக்குதே, சாமி. அப்போ எங்க கொல்லையும் கடலா இருந்துச்சா?' என்றார். இருந்தது என்றேன். அவர் சிறிது நேரம் வெயிலில் காயும் சோளக்கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கரை எந்தப் பக்கம் இருந்தது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னார்.